துப்பாக்கிக்கு ஆர்.சி. புக் கிடையாது

செஞ்சிக் கடைத்தெருவில் டிரைவர் தனகோட்டியைப் பிடிக்காதவர்கள்தான் அதிகம். மனிதன் குடிக்க மாட்டான், பிறர் பொருளில் கை வைக்க மாட்டான், யார் வீட்டு வம்புக்கும் போக மாட்டான். இருந்தும் பிடிக்காது. காரணம் அவன் வாய்தான். மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றி வருகிற லாரிக்காரன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்தால், பக்கத்தில் போய் நின்று, "வண்டிக்கு புக்கு வச்சிகினு இருக்கியா?" என்று கேட்பான். கேட்க இவன் யார்? போலீஸா, ஆர்.டி.ஓ.வா? ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் காரில் ஆறாவது ஆளாக ஏறி உட்கார்ந்தார் என்று, அவரைத் திருவண்ணாமலை ரோட்டில் வெய்யிலில் இறக்கிவிட்டு வந்தவன் அவன். அந்தத் தாய்மாமன் சாகும்வரை தனகோட்டியின் பெயரைச் சொல்லிக் காறித் துப்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தப் பிடிவாதத்துக்குள் ஒரு புண் இருந்தது. அதை யாரும் பார்த்ததில்லை. தனகோட்டியின் தகப்பன் மண்டகப்பட்டில் கல் ஏற்றுகிற கூலி. மகனுக்கு மீசை அரும்புகிற வயதில், பின்னால் உருண்டு வந்த ஒரு லாரி அந்த மனிதனைச் சுவரோடு வைத்து நசுக்கியது. லாரிக்குப் புத்தகம் இல்லை. ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை. புத்தகம் இல்லாத வண்டி யாருடைய வண்டி? லைசென்ஸ் இல்லாதவன் எந்த ஊர்க்காரன்? ஒருவரும் பதில் சொல்லவில்லை. தகப்பனை எரித்த சூடு ஆறுவதற்குள் லாரி வேறு ஊரில் வேறு கல் சுமந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தனகோட்டி ஒன்று முடிவு செய்தான். இந்தப் பூமியில் சக்கரம் உருள வேண்டுமானால் முதலில் காகிதம் இருக்க வேண்டும்.

கிளீனராகி, லாரி டிரைவராகி, கடைசியில் ஆதிநாராயணனிடம் வந்து சேர்ந்தான். ஆதிநாராயணன் காந்தி பஜாரில் மணிலா மண்டி வைத்திருந்தவர். அவருடைய கறுப்பு அம்பாசடரைத் தனகோட்டி தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். பெற்ற பிள்ளை அவனுக்கு இல்லை. அவன் மனைவி குஞ்சம்மாள் அதே மண்டியின் களத்தில் மணிலா உடைத்துப் புடைக்கிற வேலைக்காரி. நாக்கில் நெருப்பு வைத்துக்கொண்டு பிறந்தவள். "நீ வண்டியத்தான் கட்டிக்கினியே, என்னை எதுக்குக் கட்டிக்கின?" என்று வாரம் ஒருமுறையாவது கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆதிநாராயணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை. காலால் மிதிப்பதெல்லாம் கூலிக்காரன் வேலை என்பது அவர் எண்ணம். அவருக்கு வேறு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, தம்பியோடு பேசாமல் இருப்பது. இன்னொன்று, ரைபிள்.

அந்த ரைபிள் அவர் தகப்பனார் வாங்கியது. பனமலை ஏரிக்குக் கீழே இருந்த மணிலாக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கி ஒரே ராத்திரியில் பயிரைப் புரட்டிவிட்டுப் போகும். அதற்காக வாங்கியது. பெரியவர் போன பிறகு, மூத்தவர் கடலூர்க் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து தன் பெயருக்கு லைசென்ஸ் எடுத்தார். பாகம் பிரித்தபோது மண்டியும் பனமலை நிலமும் அவருக்கு. அனந்தபுரத்துப் பூர்வீக வீடு தம்பி கிருஷ்ணமூர்த்திக்கு. துப்பாக்கியைப் பற்றி மட்டும் தம்பி வாயைத் திறந்தபடியே இருந்தான். "நைனா வாங்கினது. ரெண்டு பேருக்கும் பொது. லைசென்ஸ் அவன் பேருல இருந்தா துப்பாக்கி அவனோடதாயிடுமா?" என்று கேட்காத நாள் இல்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு சமாதானம் செய்தார்கள். துப்பாக்கி அண்ணனிடம் இருக்கட்டும். ஆனால் பெரியவர் காலத்து வழக்கப்படி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அது பூர்வீக வீட்டுக்கு வந்து, பெரியவர் படத்துக்கு எதிரில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் தம்பி கோர்ட்டுக்குப் போகலாம்.

ஆதிநாராயணன் வருஷா வருஷம் தாமே காரில் போனார். மடியில் துப்பாக்கி. தம்பி வீட்டு வாசலில் இறங்கி, உள்ளே கொடுத்து அனுப்பிவிட்டு, பூஜை முடிகிறவரை வெய்யிலில் நின்று, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்புவார். லைசென்ஸ்காரர் காரில் இருந்ததால் அந்தப் பயணம் எல்லாம் சட்டப்படி சரியாகவே நடந்தது. அது சட்டப்படி சரி என்று காரில் இருந்த இருவருக்குமே தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் வருஷம், ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் கிருஷ்ணமூர்த்தி நாலுபேர் கேட்கச் சொன்னான்: "ஆயுத பூஜைக்கு ஆயுதம் வருது, சரி. அது கூட ஒன்னு வந்து வாசல்ல நிக்குதே, அதுக்கும் பொட்டு வச்சி உடலாமான்னு யோசனை பண்றேன்." பந்தி முழுவதும் சிரித்தது. சிரிப்பு செஞ்சிக்கு வந்து சேர ஒரு பகல் போதுமாயிருந்தது. இனிமேல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று ஆதிநாராயணன் சாமி படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் போகாமல் இருக்கலாம். துப்பாக்கி போகாமல் இருக்க முடியாதே.

ஆயுத பூஜையன்று காலையில் தனகோட்டி காரைக் கழுவி, மாவிலை கட்டி, சந்தனம் வைத்து நிறுத்தியிருந்தான். ஆதிநாராயணன் புது வேட்டியில் சுற்றிய துப்பாக்கியைப் பின் சீட்டில் கிடத்தினார். தம்பி வீட்டுக்குப் போ, சாமியிடம் வை, பூஜை முடிந்ததும் எடுத்துக்கொண்டு வந்துவிடு, அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதே என்றார். தனகோட்டி சாவியைத் திருகவில்லை.

"மொதலாளி, இதுக்கு புக்கு?"

"எதுக்குடா?"

"துப்பாக்கிக்கு. புக்கு இல்லாம நான் எதையும் ரோட்டுல எடுக்கறதில்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

நல்ல நாளில் வாயைக் கிளறுகிறானே என்று முதலாளிக்கு எரிச்சல். உள்ளே போனார். அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியால், துப்பாக்கியும் தோட்டாவும் வைக்கிற பெரிய இரும்புப் பெட்டியைத் திறந்தார். லைசென்ஸை எடுத்து வந்து அவன் மடியில் எறிந்தார். "இந்தா, நெத்தியில ஒட்டிக்கினு போ."

தனகோட்டிக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் விளங்காது. கலெக்டர் முத்திரை தெரிந்தது, அது போதும். காரின் புத்தகத்தோடு சேர்த்து அதையும் தோல்பையில் வைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மனசு நிறைந்தது. ஐயோ பாவம், அவனுக்குத் தெரிந்தது வண்டிச் சட்டம் ஒன்றுதான். அந்த ஒரே அளவுகோலை வைத்து உலகத்தையே அளந்துவிடலாம் என்று நினைத்தான். தன் கையாலேயே தன் கழுத்துக்குக் கயிறு திரித்துக்கொண்டு, அதை மாலை என்று நம்பி அணிந்துகொண்டு புறப்பட்டான்.

விழுப்புரம் சாலையில் அனந்தபுரத்துக்குத் திரும்புகிற இடத்தில் போலீஸ் நின்றிருந்தது. பூஜை நாள் பாருங்கள், புதுச்சேரியிலிருந்து சாராயம் கடத்துகிறவர்களுக்கு அதுதான் அறுவடை. புதிதாக மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர் இளையபெருமாள் ஒவ்வொரு வண்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைகாட்டுவதற்கு முன்பே தனகோட்டி காரை ஓரங்கட்டினான். தணிக்கை என்றால் அவனுக்குத் திருவிழா. இறங்கி நின்று தோல்பையை நீட்டினான்.

பின் சீட்டு வேட்டியைக் கான்ஸ்டபிள் பிரித்ததும் எல்லார் முகமும் மாறியது. சப்-இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை எடுத்து, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். தோட்டா இல்லை. அது ஒன்றையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறாய் என்றார். தனகோட்டி லைசென்ஸை எடுத்துக் கொடுத்தான்.

"ஆதிநாராயணன் யாரு? நீயா?"

"மொதலாளி சார். மண்டியில பூஜையில இருக்காரு."

"அவரு அங்க இருக்காரு, அவரு துப்பாக்கி இங்க உலாத்துதா?"

"புக்கு கூடவே இருக்குது சார்."

சப்-இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபக்காரர்தான். ஆனால் எதிரில் நிற்பவன் கள்ளன் இல்லை, ஒரு தினுசான முட்டாள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். உன் டிரைவிங் லைசென்ஸை உன் தம்பி வைத்துக்கொண்டு கார் ஓட்டலாமா என்று கேட்டார். கூடாது என்றான் தனகோட்டி, அதிர்ச்சியோடு.

"இதுவும் அந்த ரகம்தான்யா. புக்கு வண்டிக்கு, லைசென்ஸ் ஆளுக்கு. துப்பாக்கிக்கு ஆர்.சி. புக் கிடையாது. யாரு பேருல லைசென்ஸ் இருக்குதோ அந்த ஆளு வண்டியில இருக்கணும். இல்லாட்டி அவரு கைப்பட எழுதிக் கொடுத்திருக்கணும். அதுவும் ரிப்பேருக்கு, லைசென்ஸ் புதுப்பிக்க, இல்ல அவரு உபயோகத்துக்கு அவருகிட்ட கொண்டுபோய்ச் சேர்க்க. பூஜைக்குன்னு சட்டத்துல ஒரு வரி இல்ல."

துப்பாக்கிக்கு ஆர்.சி. புக் கிடையாது என்பதற்குப் பிறகு தனகோட்டியின் காதில் எதுவும் விழவில்லை. வாழ்நாள் முழுக்க ஊரார் அத்தனை பேரிடமும் அவன் கேட்ட கேள்வி ஒரு பெரிய கையாகத் திரும்பி வந்து அவன் கன்னத்தில் அறைந்தது. மாவிலை கட்டிய காரில், இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் பின் சீட்டில் உட்கார்ந்து அவன் செஞ்சிக்குத் திரும்பினான். கார் ஓட்டியது வேறொருவன். அவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்க அன்றைக்கு நாக்கு எழும்பவில்லை.

முதலாளி வந்து, நான்தான் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விஷயம் பாதி கரைந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். போலீஸ் ஆள் வந்து கூப்பிட்டதும் ஆதிநாராயணன் ஜட்கா வண்டி பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தார். வருகிற வழியிலேயே யாரோ ஒரு சட்டம் தெரிந்தவர் அவர் காதில் ஓதிவிட்டிருந்தார். லைசென்ஸ் இல்லாதவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால், அவர் மேலும் கேஸ் வரும், லைசென்ஸும் போகும். லைசென்ஸ் போனால் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் தம்பி சிரிப்பான்.

அவர் தனகோட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசினார்.

"நான் அனுப்பல சார். எனக்குத் தெரியாம எடுத்துகினு போயிட்டான். என் தம்பிகிட்ட கை நீட்டிக் காசு வாங்கியிருக்கான், துப்பாக்கிய அங்க கொண்டுபோய்ச் சேர்க்க. கூடவே இருந்து குழி பறிச்சிட்டான்."

"மொதலாளி" என்று மட்டும் சொன்னான் தனகோட்டி. அந்த ஒரு வார்த்தையில் பதினெட்டு வருஷத்து உப்பு கரைந்து ஓடியது. அவருக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரிகளில் கடலூர் ஆஸ்பத்திரிக்கு விழுந்தடித்து ஓட்டியவன், அவர் மகள் கல்யாணத்தில் மூன்று நாள் தூங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தவன், திருடன். சட்டம் தெரியாதவன் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பான். சட்டத்தை மீறினான் என்று சிறையில் போட்டால் போயிருப்பான். திருடன் என்கிற பெயரோடு போனால் இனி எந்தக் கதவு திறக்கும், எந்த வண்டியின் சாவி அவன் கைக்கு வரும்?

அன்று மாலையே கிருஷ்ணமூர்த்தியும் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையப் பூஜைச் சந்தனம். லாக்கப் கம்பிக்கு அருகில் நின்று மெதுவாகப் பேசினான். ஜாமீன் எடுக்கிறேன், வக்கீல் வைக்கிறேன் என்றான். பதிலுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அண்ணன் உன்னை அனுப்பியது பூஜைக்கு அல்ல, என்னைச் சுடுவதற்கு என்று சொல்லிவிடு.

"எனக்குச் சுடத் தெரியாதே."

"அது கோர்ட்டுக்குத் தெரியுமா?"

தனகோட்டி கம்பியை விட்டு நகர்ந்து சுவரோரம் போய் உட்கார்ந்தான். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கன்னு இப்பத்தான் நம்பறேன்" என்றான். கிருஷ்ணமூர்த்தி காறித் துப்பிவிட்டுப் போனான்.

மறுநாள் குஞ்சம்மாள் வழக்கம்போல முறத்தோடு மண்டிக்குப் போனாள். திருடன் பெண்டாட்டிக்கு இங்கே வேலை இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. முறத்தைக் கீழே போட்டுவிட்டு நடுத்தெருவில் நின்றாள். விஜயதசமி நாள், பஜார் நிறைய ஜனம். ஆதிநாராயணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

குஞ்சம்மாள் கத்தவில்லை. தெரு தானாக அடங்கியது.

"எம்புருசன் துப்பாக்கியத் திருடினான், சரி. லைசென்சு எங்க இருந்துச்சு? இரும்புப் பொட்டியில. பொட்டிச் சாவி எங்க இருக்குது? உன் அர்ணாக்கயித்துல. குளிக்கறப்போகூட கழட்டமாட்டேன்னு நீதான் பெருமை பேசுவ. அப்போ எம்புருசன் உன் இடுப்பை அவுத்துட்டா எடுத்தான்? அவுக்கறப்போ நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

முதலில் சிரித்தது பூக்காரி ஒருத்தி. அப்புறம் பஜார் முழுவதும் சிரித்தது. தனகோட்டியைப் பிடிக்காத லாரிக்காரர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். ஆதிநாராயணனின் கை அவரை அறியாமலே இடுப்புக்குப் போனது. அதைப் பார்த்து இரண்டாவது அலை எழும்பியது. ஆட்களை ஏவி அவளைத் தள்ளச் சொன்னார். யாரும் அசையவில்லை.

அவள் நேரே பஸ் ஏறி அனந்தபுரம் போனாள். அங்கே அவள் அண்ணன் விநாயகம் இருந்தான். தனகோட்டியை அவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளோடு பேசாதவன். சொந்தமாக நிலம் இருந்தது, ஜாமீனுக்கு நிலம் போதும். வாசலில் போய் நின்று, "தங்கச்சியா வரல. ஜாமீன் கையெழுத்துக்கு வந்தேன். போட்டுட்டு திரும்பவும் பேசாம இரு" என்றாள். விநாயகம் வந்து போட்டான். போட்டுவிட்டு, சொன்னபடியே பேசாமல் போனான்.

தனகோட்டி வீட்டுக்கு வந்தான். கேஸ் நடக்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த இடைவெளியில் ஒருநாள், விளக்கு வைக்கிற நேரத்தில், ஆதிநாராயணனே குடிசைக்கு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. உட்காரவில்லை. இடுப்புச் சாவிக் கதை கோர்ட்டில் எழுந்தால் தன் மானம் போகும் என்று பயந்துவிட்டார். திருட்டுப் புகாரை நான் கைவிடுகிறேன் என்றார். நீயும் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லு. பூஜைக்கு வழக்கமாகப் போகிற பொருள்தானே என்று, பெட்டி திறந்து கிடந்த நேரத்தில், முதலாளியிடம் சொல்லாமல் நானே எடுத்துக்கொண்டு போனேன் என்று சொல்லு. அறியாமல் செய்தவன் என்று விட்டுவிடுவார்கள். மறுநாளே வந்து கார் சாவியை வாங்கிக்கொள்.

அவர் போன பிறகு குஞ்சம்மாள் உலையில் அரிசி போட்டாள். "சொல்லிடு" என்றாள்.

தனகோட்டி நம்ப முடியாமல் அவளைப் பார்த்தான். தெருவில் நின்று முதலாளியின் மானத்தை வாங்கியவளா இவள்?

"எனக்கு வேண்டியது திருடன்னு பேரு போகணும். அது போவுது. மிச்சத்தை வச்சி இன்னா பண்ணப்போற? ஊருல உனக்கு வேற யாரு வண்டி குடுப்பான்? ஒருத்தன்கிட்டயாவது நீ நல்ல பேரு வாங்கியிருக்கியா?"

"சொல்லாம எடுத்தா அதுக்குப் பேரும் திருட்டுதான்."

"உன் நாயம் உலைக்கு ஆவாது."

"புரியாம எடுத்துகினு போனது தப்பு. அதுக்கு உள்ள போடட்டும், போறேன். ஆனா அவரு குடுத்தாரு. குடுத்தத குடுக்கலன்னு சொன்னா, எங்கப்பன் மேல ஏறின லாரி யாரோடதும் இல்லைன்னு சொன்னாங்களே, அவங்களுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?"

அவள் கரண்டியை வீசி எறிந்தாள். அதன்பிறகு கேஸ் நாள் வரை அவனோடு பேசவில்லை. சோறு போடுவாள், பேச மாட்டாள். தட்டு தரையில் வைக்கப்படும் ஓசையிலேயே அவன் அவள் மனசைப் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஊரிலும் அப்படித்தான். மண்டிக்காரர்கள் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். முதலாளியைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனை நாளைக்கு எவன் நம்புவான் என்று டீக்கடையில் அவன் காதுபடவே பேசினார்கள். புக்கு இருக்கிறதா என்று அவனிடம் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவான்.

கேஸ் நாளில் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டு நிரம்பி வழிந்தது. குஞ்சம்மாள் சன்னலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் நின்றாள். சப்-இன்ஸ்பெக்டர் இளையபெருமாள் நடந்ததை நடந்தபடி சொன்னார். அப்புறம் ஆதிநாராயணன் கூண்டேறினார். தனகோட்டி தன் பேச்சுக்கு உடன்படவில்லை என்று தெரிந்ததும் அவர் மறுபடியும் பழைய கதைக்கே திரும்பியிருந்தார். திருடிவிட்டான். பூஜைக்காகக் கணக்குப் புத்தகங்களை எடுக்கப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன், அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டான்.

மாஜிஸ்திரேட் வயதானவர், மெல்லிய குரல்காரர். இடுப்புச் சாவியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஜனம் அதைக் கேட்கத்தான் கூடியிருந்தது. எல்லாருக்கும் ஏமாற்றம். அவர் வேறொன்று கேட்டார். துப்பாக்கி காணாமல் போனது உங்களுக்கு எப்போது தெரியும்?

காலையிலேயே தெரியும் என்றார் ஆதிநாராயணன், அவசரமாக.

லைசென்ஸ் வைத்திருக்கிறவர் துப்பாக்கி தொலைந்தால் உடனே போலீசில் சொல்ல வேண்டும் என்பது விதி. நீங்கள் சொல்லவில்லை. போலீஸ் ஆள் அனுப்பிக் கூப்பிட்ட பிறகுதான் வந்தீர்கள். ஏன்?

ஆதிநாராயணன் பேச்சைத் திருப்பினார். பூஜை மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று மாற்றிச் சொன்னார். அப்படியென்றால் துப்பாக்கியும், தோட்டாவும், லைசென்ஸும் இருந்த பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு, அவை இருக்கின்றனவா போயினவா என்றுகூடப் பார்க்காமல் இருந்தீர்கள், அப்படித்தானே என்றார் மாஜிஸ்திரேட். எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கே ஒரு விதி நின்றது. ஆதிநாராயணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினார்.

பிறகு தனகோட்டியைக் கேட்டார்கள்.

"மொதலாளி குடுத்தாரு. நான் எடுத்துகினு போனேன். புக்கு கேட்டு வாங்கினேன். புக்கு இருந்தா போதும்னு நெனச்சேன், அது தப்பு. திருடல."

அவ்வளவுதான். நன்றியுள்ள நாய் என்று ஊர் சொன்ன வாய், நன்றி கெட்டவன் என்று சொல்லப்போகிற வாய், இரண்டையும் அவன் அந்த ஐந்து வாக்கியத்தில் ஒரேயடியாக விலை கொடுத்து மூடிவிட்டான்.

திருட்டு நிரூபணம் ஆகவில்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி கொண்டு போனது குற்றம்தான், அதை அவனே ஒப்புக்கொண்டான். அறியாமை ஒரு சாக்கு அல்ல, ஆனாலும் மனசில் கள்ளம் இல்லை என்று சொல்லி, கோர்ட்டு கலைகிறவரை காவலில் இருக்கும்படி தீர்ப்பு. துப்பாக்கி சர்க்கார் வசம் இருக்கும், லைசென்ஸ்காரரைப் பற்றிக் கலெக்டருக்கு எழுதப்படும். காரை உடையவரிடம் கொடுத்துவிடலாம்.

தனகோட்டி கோர்ட்டு மூலையில் ஒரு கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வேறு வேறு கேஸ்கள் நடந்தன. வரப்பு வெட்டினவன், மாடு மேயவிட்டவன், சாராயம் காய்ச்சினவன். எல்லாவற்றையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தான். ஜெயிலில் போட்டிருந்தாலும் அவனுக்கு இத்தனை அசதி வந்திருக்காது. மாஜிஸ்திரேட் எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். அவனும் எழுந்தான். தண்டனை முடிந்தது என்று கான்ஸ்டபிள் சொன்னான்.

வெளியே அம்பாசடர் நின்றது. மாவிலை காய்ந்து சருகாகி பம்பரில் தொங்கியது. ஆதிநாராயணன் வந்தார். முகம் கறுத்திருந்தது. ரத்தத்தில் ஊறிய பழக்கம் பாருங்கள், அவமானத்தில் வெந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் அவர் கால்கள் தாமாகப் பின் கதவுக்குப் போயின. கதவைத் திறந்து ஏறி, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். எதிரே பார்த்தபடி சொன்னார்.

"வண்டிய எடு."

தனகோட்டி முன் கதவைத் திறந்தான். குஞ்சம்மாள் வேப்ப மரத்தடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் குனிந்து, டேஷ்போர்டில் கார்ப் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. டிரைவர் என்று கோர்ட்டில் தன்னிடம் திருப்பிக் கொடுத்த கார் சாவியை அதன் மேல் வைத்தான்.

"புக்கு இருக்குது மொதலாளி. ஓட்ட லைசென்சு இருக்கறவனாப் பார்த்து வச்சிக்குங்க."

"டேய், நன்றி கெட்ட நாயே. என் சோத்தத் தின்னுட்டு…"

தனகோட்டி கதவைச் சாத்தினான். அடித்துச் சாத்தவில்லை. அவன் காருக்கு வலிக்காமல் கதவு சாத்துகிறவன். கூட்டத்தில் டிரைவர்கள் இருந்தார்கள். ஆதிநாராயணன் சன்னல் வழியே ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவன் பீடி பற்றவைத்தான். இன்னொருவன் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தான். அவர்களில் யாருக்கும் தனகோட்டியைப் பிடிக்காது. ஆனாலும் அன்றைக்கு ஒருவனும் அந்தச் சாவியைத் தொடவில்லை. வெய்யிலில் பழுக்கிற கறுப்புக் காருக்குள் ஆதிநாராயணன் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தார்.

குஞ்சம்மாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்திருந்தாள். தனகோட்டி பின்னால் போனான். இனி எந்த ஊரில், யாருடைய ஸ்டீயரிங் என்று அவனுக்குத் தெரியாது. நாளைக்கு அடுப்பு எரியுமா என்றும் தெரியாது. அவள் திரும்பவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. முனை திரும்புகிற இடத்தில் மட்டும், பின்னால் வருகிறவனுக்கு எட்டும்படி, நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.